பூக்காரம்மாவுக்கு எந்த ஊர்?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் தென்காசிப் பக்கம் இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். ஒன்று கூட்டம். இன்னொன்று, "உள்ளூர் வியாபாரிகளை ஆதரிப்போம்" என்ற உபதேசம். ஒருத்தர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், பத்துப் பேர் கைகூப்பிப் பகிர்வார்கள். நல்ல விஷயம்தானே என்று படித்துக்கொண்டே போனால் நாலாவது வரியில் குட்டு வெளிப்படும். வெளியூரிலிருந்து வந்து கடை போடுகிறவர்களிடம் வாங்காதீர்களாம்!

முதல் வரி தெருவோர வியாபாரியைக் காப்பாற்றச் சொல்கிறது. நாலாவது வரி தெருவோர வியாபாரியை விரட்டச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எப்படித்தான் முடிகிறதோ!

யார் உள்ளூர், யார் வெளியூர் என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். பூக்கடையே போதும். காசி விசுவநாதர் கோயில் வாசலில் ஒரு அம்மா இரண்டு முழம் பிச்சி வாங்கி வைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிச்சியும் மல்லியும் சங்கரன்கோவில் சந்தையிலிருந்து வந்திருக்கும். வரத்து குறைந்த நாளில் தோவாளையிலிருந்து வந்திருக்கும். பக்கத்துத் தட்டில் இருக்கும் ரோஜா ஓசூர்ப் பக்கத்து ரோஜா. ஆக, பூவுக்கு வெளியூர் தடையில்லை. அதைக் கட்டி விற்கிற கைக்கு மட்டும் தடை. அவ்வளவு ஏன், அந்தக் கோயிலின் பெயரும் ஊரின் பெயரும் வடக்கே இருக்கிற காசியை வைத்து வந்தவை. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கோயில் கட்டியபோது "இது வெளியூர்ப் பெயர், வேண்டாம்" என்று யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை.

ஓணம் வந்தால் கதை இன்னும் சுவாரசியம். செங்கோட்டை, புளியரை வழியாக வண்டி வண்டியாகக் கேந்தியும் வாடாமல்லியும் மலைக்கு அந்தப் பக்கம் போகும். அத்தப்பூக் கோலத்துக்கு இந்தப் பக்கத்துப் பூ. இப்போது கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் ஓணத்துக்கென்றே செண்டுமல்லி பயிரிட ஆரம்பித்திருக்கிறார்கள். அது போட்டி. போட்டியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் "பாண்டி நாட்டுப் பூவை வாங்காதே, பாண்டிக்காரனை உள்ளே விடாதே" என்று அங்கே ஒருத்தர் கிளம்பினால் இங்கே எத்தனை விவசாயி வீட்டில் உலை கொதிக்கும்? அதைக் கேட்டால் கோபம் வருகிறதல்லவா? அந்தக் கோபத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிற விஷயத்தில் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சென்னையில் தெருவுக்குத் தெரு "அண்ணாச்சி கடை" இருக்கிறதே, அந்த அண்ணாச்சிகள் யார்? நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து ரயிலேறிப் போனவர்கள். சென்னைக்காரர்களுக்கு அவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். சென்னைக்காரர்களோ கடனுக்கு நோட்டுப் போட்டு அரிசி, பருப்பு வாங்கினார்கள். அப்படித்தான் அந்தக் கடைகள் நிமிர்ந்தன. மும்பையில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. தாராவியில் குடியேறியவர்களில் திருநெல்வேலிக்காரர்கள் ஏராளம். 1966-ல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள். மண்ணின் மைந்தருக்கே வேலை, மதராஸிகள் வெளியேற வேண்டும் என்றார்கள். அன்று மும்பையில் கேட்ட குரலும், இன்று குற்றாலம் ரோட்டில் கேட்கிற குரலும் மொழியில்தான் வேறு.

பர்மா கதையை மறந்தேவிட்டார்கள். 1964-ல் நே வின் அரசு கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியது. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். சொந்த மாநிலத்தில் வந்து இறங்கியபோது இங்கேயும் அவர்கள் வந்தேறிகள்தான். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் வியாபாரம் செய்ய 1969-ல் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அதுதான் பர்மா பஜார். நடைபாதைதான் அவர்களை மறுபடி மனிதர்களாக்கியது.

எல்லாவற்றையும் விட நெருங்கிய உதாரணம் சிங்கப்பூர். கடையநல்லூரில் கைத்தறி படுத்தபோது நெசவாளர் குடும்பங்கள் கப்பலேறின. மற்ற ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போனபோது, கடையநல்லூர்க்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு குடும்பமாகப் போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியிருந்தார்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போக, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம். 1946-ல் அந்தச் சங்கமே நடத்திய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. தென்காசிக்காரர்களும் அங்கே தனியாகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். அம்மி அரைத்து விற்ற காசில் ஒரு பள்ளிக்கூடமே எழும்பியது என்று சொன்னால் மிகையில்லை.

பூவுக்கு வருவோம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் என்று ஒரு தெரு. அங்கே 1960-ல் முருகையா ராமச்சந்திரா சின்னதாக ஆரம்பித்த கடைதான் ஜோதி ஸ்டோர் அண்ட் ஃப்ளவர் ஷாப். பிறகு அவர் மகன் ராஜகுமார் சந்திரா பொறுப்பேற்றார். அவரே லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். மல்லிகை விளையாத ஒரு தீவில் மல்லிகைச் சரம் விற்று ஒரு குடும்பம் ஊரின் முகமாகவே ஆகியிருக்கிறது. தீபாவளிக்கு அங்கே போகிறவர்கள் "வந்தேறி கடை" என்று ஒதுங்கிப் போவதில்லை, வரிசையில் நிற்கிறார்கள். தென்காசியிலிருந்து சுற்றுலா போகிறவர்களும் அந்தத் தெருவில் நின்று போட்டோ எடுத்து "தமிழன்டா!" என்று போடுகிறார்கள். அதே ஆள் ஊருக்குத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்து தட்டு வைத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்து முகம் சுளிப்பார். என்ன கொடுமை சார் இது!

சிங்கப்பூர் அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். 1968, 69-ல் தீவு முழுக்கத் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 18,000 பேர். எல்லோருக்கும் உரிமம் கொடுத்தார்கள். 1971-லிருந்து தண்ணீர், கழிவுநீர் வசதியோடு கூரை போட்ட மையங்களைக் கட்டி, 1986-க்குள் தெருவில் இருந்தவர்களை அங்கே கொண்டுபோனார்கள். 2020 டிசம்பரில் அந்த ஹாக்கர் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் அங்கே பொன்னாக நடந்தது என்று அர்த்தமில்லை. தெருவை இழந்ததில் வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் முதலில் எண்ணினார்கள், அப்புறம் இடம் கொடுத்தார்கள், கடைசியில்தான் நகர்த்தினார்கள். இங்கே கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதுதான் வழக்கம்.

இத்தனைக்கும் இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் விதிகள் 2015-ல் வந்தன. இந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தவர்கள் வியாபாரிகளிலும் குறைவு, வியாபாரிகளை விரட்டுகிறவர்களிலும் குறைவு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதானால் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சான்றிதழ் வாங்குகிறவர் என்ன உறுதி தர வேண்டும் தெரியுமா? தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வேறு பிழைப்பு இல்லை, இடத்தை வாடகைக்கு விடமாட்டேன், வேறொருவருக்கு மாற்றமாட்டேன். இவ்வளவுதான். எந்த மாவட்டத்தில் பிறந்தாய், வீட்டில் என்ன மொழி பேசுகிறாய் என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்கவும் முடியாது. நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும், எந்தத் தொழிலையும் செய்யவும் அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது.

சட்டத்தின் அந்தக் கேள்விகள் எவ்வளவு புத்திசாலித்தனமானவை என்று கவனியுங்கள். சீசன் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சரக்கைக் கொடுத்து, கூலிக்கு நிறுத்தி, சாயங்காலம் மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போகிற முதலாளி ஒருவர் இருந்தால், அவர் தெருவோர வியாபாரி கிடையாது. அவர் இதே தென்காசியில் ஏழு தலைமுறையாக இருந்தாலும் கிடையாது. நேற்று வந்து சொந்தத் தட்டில் சொந்தக் கையால் பூக்கட்டி விற்கிற பெண் தெருவோர வியாபாரி. உண்மையிலேயே உள்ளூர் வியாபாரம் அழியக்கூடாது என்ற கவலை இருந்தால், பார்க்க வேண்டியது தட்டு யாருடையது என்பதை. தட்டின் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஆதார் அட்டையில் இருக்கிற ஊரை அல்ல.

"கடைக்காரன் வாடகை கட்டுகிறான், வரி கட்டுகிறான். இவர்கள் எதுவும் கட்டாமல் ரோட்டில் உட்கார்ந்து போட்டி போடுகிறார்களே" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பூ விஷயத்தில் இது எடுபடாது. உதிரிப் பூவுக்கு ஜி.எஸ்.டி. பூஜ்யம். ஏசி போட்ட கடையில் விற்றாலும் பூஜ்யம்தான், கோயில் வாசலில் விற்றாலும் பூஜ்யம்தான். வேறு சரக்காகவே இருந்தாலும் வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். கூடையில் பூ விற்று 40 லட்சம் பார்த்த ஒருவரைக் காட்டினால் நேரில் போய் மாலை போட்டுவிட்டு வரலாம். (மாலையையும் அவரிடமே வாங்கிக்கொள்ளலாம்.) வாடகைக்குப் பதில், சட்டமே விற்பனைக் கட்டணம் வசூலிக்க வழி சொல்கிறது. வாங்கிக்கொள்ளட்டும், ரசீது கொடுக்கட்டும். ரசீது இருந்தால் நாளைக்கு அவரை யாரும் எழுந்திருக்கச் சொல்ல முடியாது. ஒருவேளை அதனால்தான் ரசீது கிடைப்பது அவ்வளவு கஷ்டமோ என்னவோ.

"சம்பாதித்த பணத்தை அவர்கள் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. துபாய்ப் பணத்திலும் சிங்கப்பூர்ப் பணத்திலும் மாடி கட்டிய ஒரு பிரதேசத்திலிருந்து இப்படி ஒரு குற்றச்சாட்டு வருவதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா! சரி, கணக்காகவே பார்க்கலாம். தென்காசியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, தென்காசிக் கடையில் அரிசி வாங்கி, சங்கரன்கோவில் கமிஷன் கடையில் பூ எடுத்து, பிள்ளையை இங்குள்ள பள்ளியில் சேர்த்திருக்கிற குடும்பத்தின் காசில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. மொபைலில் தட்டினால் பூஜைப் பூவைப் பொட்டலமாக அனுப்புகிற கம்பெனியின் லாபம் எங்கே போகிறது என்று எந்த உபதேசியும் கேட்பதில்லை. அதற்கு 'டெலிவரி சார்ஜ்' வேறு வாயைத் திறக்காமல் கட்டுவார்கள். கோயில் வாசலில் மட்டும், "என்னம்மா முழம் இம்புட்டு வெல சொல்லுத? போன வாரம் கம்மிதான?" என்று ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டு. போதாததற்கு அவர் கை குட்டை, முழம் குறைகிறது என்று ஒரு புகார்.

அந்த ஐந்து ரூபாய் என்னவென்று தெரிய வேண்டுமானால் பூ வியாபாரத்தின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். துணிக்கடையில் இன்று விற்காத சேலை நாளைக்கும் சேலைதான். இன்று விற்காத மல்லி நாளைக்குக் குப்பை. விலை காலையில் சந்தையில் முடிவாகும். முகூர்த்த நாளில் மூன்று மடங்கு ஏறினாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர் அன்றைக்குத்தான் வருவார். அதற்குக் கையில் முதல் வேண்டும். வங்கிக்குப் போக முடியாதவர் தினவட்டிக்குப் போவார். காலையில் 900 ரூபாய் கையில் வாங்கி சாயங்காலம் 1,000 கொடுப்பது. இதை வட்டியாகக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 11 சதவீதம், முப்பது நாளைக்கு 333 சதவீதம், வருடத்துக்கு 4,000 சதவீதத்துக்கு மேல். எந்த காமர்ஸ் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு வட்டி விகிதம் வராது. 900 ரூபாய்ப் பூவை முழுதாக விற்றால் 1,500 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், கடன் போக 500. அதில் நார், சாப்பாடு, போக்குவரத்து. மூன்றில் ஒரு பங்கு பூ மிஞ்சிப்போனால்? கிடைப்பது 1,000. அதை அப்படியே கடன்காரரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மழை பெய்தால் இன்னும் மோசம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். உயிர் விஷயம், தடை சரிதான். ஆனால் அருவிக்குத் தடை வந்தால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் காலையில் எடுத்த பூ அப்படியே நிற்கும். தினவட்டிக்கு மட்டும் தடை கிடையாது.

கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீயில் கருகிய கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள், நால்வரும் கடையநல்லூர்ப் பக்கம் காசிதர்மத்துக்காரர்கள். அவர்கள் பூ விற்றவர்கள் அல்ல. ஆனால் கந்துவட்டி ஆளைப் பார்த்து வருவதில்லை. அவர்கள் அக்மார்க் உள்ளூர்க்காரர்கள். அந்த உள்ளூர்த்தனம் அவர்களை எதிலிருந்து காப்பாற்றியது?

இதற்கு மாற்றாக 2020 ஜூனில் வந்ததுதான் பிரதமரின் ஸ்வநிதி திட்டம். பிணை இல்லாமல் முதலில் 10,000 ரூபாய் (2025-ல் இதை 15,000 ஆக்கினார்கள்), ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்து அதிகம், 7 சதவீதம் வட்டி மானியம். 10,000 இருந்தால் தினவட்டிக்காரர் முகத்திலேயே விழிக்க வேண்டாம். ஆனால் இந்தக் கடனுக்கு விற்பனைச் சான்றிதழோ, அடையாள அட்டையோ, அதுவும் இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். கணக்கெடுப்பில் பெயர் வராதவர் அந்தக் கடிதத்துக்காக அலைய வேண்டும். "நீ வெளியூர்" என்று ஒரு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் அவர் நேராகப் போய் நிற்பது வட்டிக்கடை வாசலில்தான்.

இடம் போதாது என்பது கடைசி வாதம். ஊர் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கச் சட்டம் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் தென்காசி நகராட்சியின் மக்கள்தொகை 70,545. அதில் 2.5 சதவீதம் என்றால் 1,760 பேருக்கு மேல். ரத வீதிகளையும் பஸ் ஸ்டாண்டையும் சந்தையையும் சேர்த்து எண்ணிவிட்டு, அப்புறம் இடமில்லை என்று சொல்லட்டும். குற்றாலத்தில் சிக்கல் வேறு. அது சின்னப் பேரூராட்சி. குடியிருப்பவர்களை வைத்து 2.5 சதவீதம் போட்டால் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் கடை வரும். வந்து போகிற கூட்டமோ லட்சக்கணக்கில். ஆடிச் சாரலுக்குக் கேரளத்துக்காரர்கள், கார்த்திகை மார்கழியில் ஐயப்பமார்கள். இந்தக் கூட்டத்தைக் கணக்கில் எடுக்காத சூத்திரம் ஒரு சீசன் ஊருக்குப் பொருந்தாது. நியாயமாகப் போராட வேண்டிய இடம் இதுதான். சீசன் ஊர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று விதியைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். ஐம்பது வருடத்துக்கு மேல் நடக்கிற இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அருவிக்கரைக்கும் கோயில் வாசலுக்கும் அதைக் கேட்கலாம். அதை விட்டுவிட்டு, இருக்கிற நாலடி இடத்துக்கு ஒரு ஏழையை இன்னொரு ஏழையோடு மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் ஊர்ப்பற்றாம்.

வாட்ஸ்அப்பில் எதையாவது பகிர்ந்தே தீர வேண்டும் என்று கை அரித்தால், அந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைப் பகிரலாம். பறிமுதல் செய்தால் பொருள்களின் பட்டியலைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகாத பொருளைக் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கெட்டுப்போகிற பொருள் என்றால் கேட்ட அன்றைக்கே. பூ இந்த இரண்டாவது வகை. காலையில் தூக்கிக்கொண்டு போன கூடையைச் சாயங்காலம் ஆபீஸ் மூடும் நேரத்தில் கொடுத்தால் சட்டப்படி அது "அன்றைக்கே"தான். மல்லி அதற்குள் விரிந்திருக்கும். காலையில் வாங்கிய 900-க்கு வட்டிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.